அட்டையில் இல்லாத ட்றமரைக் கண்டுபிடிக்க

பழைய றொக் அல்பத்தில் ட்றம்ஸ் யாருடையது என்று தேடும்போது, குழுவின் ட்றமர்தான் எல்லாப் பாட்டுக்கும் வாசித்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பேர்ட்ஸ் குழுவின் 1965 முதல் அல்பத்தில் தலைப்புப் பாட்டுக்கும் இன்னொன்றுக்கும் வாசித்தவர் ஹால் பிளேன், குழுவில் சேராமல் பதிவுக்கு மட்டும் கூலிக்கு வாசிக்கும் செஷன் ட்றமர். மிச்சம் குழுவின் மைக்கல் கிளார்க். ஆகவே பாட்டுப் பாட்டாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கையிலிருப்பது எந்தப் பதிவு என்று உறுதிசெய்யுங்கள். யாழ்ப்பாணத்து றெக்கோர்டிங் பார்களில், அதாவது பாட்டுப் பதிந்து கொடுத்த கடைகளில், அடித்த கசற்றுகளில் பாட்டின் பெயர் மட்டுந்தான் இருக்கும். பீற்றில்ஸின் 'லவ் மீ டூ'வை எடுங்கள். 1962 செப்டெம்பர் 4 பதிவில் ட்றம்ஸ் றிங்கோ ஸ்டார். 11ஆம் திகதிப் பதிவில் செஷன் ட்றமர் அன்டி வைட். றிங்கோ கையில் டம்பொரின், சிறு தட்டுகள் கிலுங்கும் கை வளையம். முதல் சிங்கிளில் வந்தது றிங்கோவின் பதிவு, 1963 அல்பத்தில் வைட்டின் பதிவு. டம்பொரின் கிலுங்கினால் வைட். கிலுங்காவிட்டால் உடனே றிங்கோ என்று எழுதிவிடாதீர்கள்: அதே 1962 ஜூன் 6இல், றிங்கோவுக்கு முன் குழுவின் ட்றமராக இருந்த பீற் பெஸ்ற் வாசித்த பதிவும் 1995இல் வெளிவந்தது. அதில் பாட்டின் நடுவே தாள நடை மாறும், அதுதான் அடையாளம்.

பிறகு காது. கோயில் வீதியில் நிற்காமலே தவில் யாருடையது என்று சொல்பவர்கள் தனி ஆவர்த்தனத்தை வைத்துச் சொல்வதில்லை. நாதஸ்வரத்துக்கு அணைந்து போகும் இடத்தில்தான் கை தெரியும். ட்றம்ஸும் அப்படித்தான். உருட்டல்களை எவரும் பார்த்துப் பழகலாம். சாதாரண நடையில் ஹை-ஹற் (காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தாளத் தட்டு) எவ்வளவு திறக்கிறது, பெரிய அடிகளுக்கிடையே ஸ்னேரில் (கூர்மையாக ஒலிக்கும் நடு ட்றம்) மெல்லிய தட்டுகள் எங்கே விழுகின்றன என்று கேளுங்கள்.

விடை தெரிந்த அல்பத்தில் பழகுவது நல்லது. ஸ்டீலி டான் குழுவின் 'ஏஜா' (1977) இதற்கு அருமையானது. தலைப்புப் பாட்டில் ஸ்டீவ் காட், 'பெக்'கில் றிக் மறோட்டா, 'ஜோசி'யில் ஜிம் கெல்ட்னர், 'ஹோம் அற் லாஸ்ற்'றில் பேர்னாட் பேர்டி. பேர்டியின் பாட்டில் ஓர் அடிக்குள் மூன்று மூன்றாக எண்ணுங்கள். பெரிய ஸ்னேர் அடி நான்கு அடிகளில் மூன்றாவது அடியில் மட்டும் விழும், இடைவெளியெல்லாம் காதோரம் உரசுகிற தட்டுகள். ஓடாசிற்றி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் சுருதி மாறாமல் வேகத்தை 25 வீதம் குறைத்தால் அவை தனித்தனியே பிரியும்.

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், கால் ட்றம் காணாமல் போய்விடும். அறுபதுகளின் ஸ்ரீரியோப் பதிவுகள் பலவற்றில் ட்றம்ஸ் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். ஹெட்போனில் மற்றக் காதைக் கழற்றிவிட்டால் போதும். கசற் ஓடும் வேகம் பிசகினால் சுருதியும் பிசகும், அதனால் ஸ்னேரின் சுருதியை வைத்து ஆளை முடிவுசெய்யக் கூடாது. புதிதாக றீமாஸ்ரர் செய்த, அதாவது ஒலியை மறுபடி சீராக்கிய, பிரதிகளில் மெல்லிய தட்டுகள் உரத்துக் கேட்கும். அதையும் பழைய பிரதியையும் ஒப்பிட்டால் இரண்டு ட்றமர்கள் என்றே தோன்றும்.

காது சொல்வதும் பதிவுத் திகதியும் முரண்பட்டால் திகதியின் பக்கம் நில்லுங்கள். ஸ்ரூடியோத் தாளும், அமெரிக்கப் பதிவென்றால் இசைக்கலைஞர் சங்கத்தின் ஊதிய ஒப்பந்தமும் பெரும்பாலும் பதிவை ஒட்டியே எழுதப்பட்டவை. ஆனால் ஒப்பந்தத்தில் பெயர் இருப்பது அன்று வாசித்ததற்குத்தான் சான்று. அன்று வாசித்த அந்த டேக்தான் (ஒருமுறை வாசித்துப் பதிந்தது) அல்பத்தில் வந்ததா என்பதை மறுபடி காதால்தான் பார்க்க வேண்டும்.