பழைய பிராசஸரை ஓவர்கிளாக் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அறைக்கு ஒரு காலேஜ் பையன் பழைய கேபினெட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே இன்டெல் கோர் 2 குவாட் கியூ6600. 2007-இல் சக்கைப்போடு போட்ட சிப். அதை ஓவர்கிளாக் செய்திருந்தான், அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டியிருந்தான்.

"அண்ணா, 2.4 கிகாஹெர்ட்ஸை 3 ஆக்கிட்டேன். விண்டோஸ் ஓப்பன் ஆகுது, கேமும் ஓடுது. ஜிப் ஃபைல்தான் அப்பப்போ எரர் காட்டுது. ஹார்டு டிஸ்க் போயிடுச்சா?"

பழைய வயிற்றெரிச்சல் எனக்குத் திரும்ப வந்துவிட்டது. தூசி தட்டுங்கள், காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். அதை விடுவோம்.

ரேமை மறந்துவிடுவது

அடிப்படை கிளாக்கை எத்தனை மடங்காக்கி சிப் ஓடுகிறது என்பதுதான் மல்டிபிளையர். கியூ6600-இல் அது 9. அதற்கு மேல் ஏறாது. 266 மெகாஹெர்ட்ஸை 9 ஆல் பெருக்கினால் 2.4 கிகாஹெர்ட்ஸ். ஆக, அந்த 266-ஐ, அதாவது பிராசஸரை போர்டோடு இணைக்கும் எஃப்எஸ்பி என்ற பாதையின் கிளாக்கைத்தான், போர்டின் பயாஸ் செட்டிங்கில் ஏற்றியாக வேண்டும். 333 வைத்தால் 3 கிகாஹெர்ட்ஸ். இதுவரை தப்பில்லை.

ஆனால் ரேமும் அதே கயிற்றில்தான் கட்டியிருக்கிறது. டிடிஆர்2-800 ரேம் 2:3 விகிதத்தில் 400-இல் ஓடிக்கொண்டிருக்கும் (ஒரு கிளாக்குக்கு இரண்டு முறை தரவு போவதால் பெயரில் 800). விகிதத்தைத் தொடாமல் 333-க்குப் போனால் ரேம் 500-க்குப் போய்விடும். 800-க்கு என்று வாங்கிய ரேமை 1000-இல் விரட்டுகிறீர்கள். அது உடனே படுத்துவிட்டால் நல்லது. படுக்காமல் நொண்டிக்கொண்டே ஓடுவதுதான் ஆபத்து.

2009-இல் நான் கல்யாண ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தேன். இதே சிப், இதே 333. ஃபோட்டோஷாப் வேகமாக ஓடியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் ஜிப் ஃபைல்கள் சிஆர்சி எரர் (உள்ளே இருக்கும் தரவு மாறிவிட்டது என்ற எச்சரிக்கை) காட்டின. ஹார்டு டிஸ்க்தான் என்று முடிவு கட்டி, புதிதாக ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் அதில் காப்பி செய்தேன். விண்டோஸை இரண்டு முறை திரும்பப் போட்டேன். ரேம் பக்கம் புத்தி போகவே இல்லை.

சில மாதம் கழித்து திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு குடும்பம் இன்னொரு பிரதி கேட்டு வந்தது. படங்களைத் திறந்தால் முகூர்த்தப் படங்களில் பல பாதிக்குக் கீழே சாம்பல் பட்டை. பேக்கப்பைத் திறந்தேன். அங்கேயும் அதே பட்டை. ஒரு ஃபைலைக் காப்பி செய்யும்போது அது ரேம் வழியாகத்தானே போகிறது? சாதாரண டெஸ்க்டாப் ரேமில் பிழை பார்க்கும் ஈசிசி கிடையாது. ஒரு பிட் புரண்டாலும் விண்டோஸ் வாய் திறக்காது, கெட்டதை அப்படியே எழுதி வைக்கும். பத்திரப்படுத்துகிறேன் என்று நானே என் கையால் கெடுத்திருக்கிறேன். அந்த வீட்டு அம்மா திட்டவில்லை, "பரவால்ல தம்பி" என்றார். திட்டியிருக்கலாம்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. எஃப்எஸ்பியை 333 ஆக்கும்போதே ரேம் விகிதத்தை 5:6 ஆக்குங்கள், ரேம் 400-லேயே நிற்கும். 1:1 வைத்தால் இன்னும் நிம்மதி. அடுத்து, விண்டோஸுக்குள் போவதற்கு முன்பே பென்டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை புரோகிராமைப் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். கெட்ட ரேமோடு விண்டோஸுக்குள் போனால் அதன் ஃபைல்களும் கெடும். காலையில் ஒரே ஒரு சிவப்பு வரி இருந்தாலும் தோல்விதான். "ஒண்ணுதானே" என்று என்னிடம் வராதீர்கள். அது சுத்தமாக வந்த பிறகு பிராசஸரையும் ரேமையும் சேர்த்து வாட்டும் பிரைம்95 புரோகிராமில் பிளெண்ட் சோதனை.

பையனுடைய ரேமில் இரண்டாவது சுற்றிலேயே சிவப்பு. ஹார்டு டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது.

வோல்டேஜை ஆட்டோவில் விடுவது

பிராசஸருக்கு எத்தனை வோல்ட் என்பதை போர்டே முடிவு செய்யட்டும் என்று விடுவதுதான் ஆட்டோ. பல போர்டுகள் ஆட்டோவில் தேவைக்கு மேல் அள்ளிக் கொடுக்கும். சூடு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். 1.25-லிருந்து 1.40-க்குப் போனால் வேகம் ஒரு துளி கூடாவிட்டாலும் சூடு கால் பங்கு கூடிவிடும். ஓவர்கிளாக் செய்வதற்கு முன்பு இருக்கும் வோல்டேஜைக் குறித்து அதிலேயே நிறுத்துங்கள். சோதனையில் தோற்றால் மட்டும் ஒரு படி ஏற்றுங்கள்.

மார்கழியில் சோதித்து சித்திரையில் ஓட்டுவது

அறைச் சூடு 10 டிகிரி ஏறினால் சிப்பும் கிட்டத்தட்ட அதே 10 ஏறும். நம் ஊரில் கடல்காற்று தாமதமாக வரும் அக்னி நட்சத்திர மதியம்தான் உண்மையான பரீட்சை. ஏசி அறையில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை யாரும் காட்ட வேண்டாம்.

'கே' இல்லாத சிப்பை நோண்டுவது

2011-இல் வந்த இன்டெல் சாண்டி பிரிட்ஜ் சிப்களில் பெயர் முடிவில் 'கே' இருந்தால்தான் மல்டிபிளையரை இஷ்டப்படி ஏற்ற முடியும். அடிப்படை கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ். ஹார்டு டிஸ்க் மாட்டும் சாட்டா, கிராஃபிக்ஸ் கார்டு மாட்டும் பிசிஐஇ எல்லாம் அதோடு கட்டுண்டவை. சில மெகாஹெர்ட்ஸுக்கு மேல் நகராது. விட்டுவிடுங்கள்.

எஸ்எம்பிஎஸ்

கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் இந்தப் பெட்டி கேபினெட்டோடு இலவசமாக வந்ததா? மாற்றிவிட்டு வாருங்கள், பேசலாம்.