பழைய லீவர் ரிம்ஃபயர் ரைஃபிள் வாங்கும் முன்

லீவர் ரிம்ஃபயர் என்பது, கீழுள்ள நெம்புகோலை இயக்கித் தோட்டாவை ஏற்றி, தோட்டாவின் அடி விளிம்பில் அடித்துச் சுடும் வகை. உரிமம் கையில் இருந்தால் மட்டுமே விலை பேசவும். துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது, அறையிலும் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) குழலுக்கு அடியிலுள்ள தோட்டாக் குழாயிலும் எதுவுமில்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். அடுத்து அறையின் வாயை விளக்கொளியில் நன்றாகக் கவனிக்க வேண்டும். தோட்டா இல்லாமலே விசையை இழுத்துப் பழகியிருந்தால், ஃபயரிங் பின் (தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் ஊசி) அறைவாயின் விளிம்பில் மோதிச் சிறு பள்ளம் பதித்திருக்கும், அங்கே பிதுங்கிய உலோகம் தோட்டா நுழைவதையும் வெற்று உறை வெளியேறுவதையும் தடுக்கும். இவ்வகையில் 1939-இல் வந்த மார்லின் 39ஏ என்ற ரைஃபிள், பக்கத் திருகைக் கழற்றினால் இரண்டாகப் பிரியும். திரும்பப் பூட்டிய பிறகும் இணைப்பு ஆடினால் தேய்மானம் அதிகம் என்று பொருள், திருகின் தலை சிதைந்திருந்தால் பழகாத கை பட்டிருக்கிறது என்றே கொள்வேன். தோட்டாக் குழாய் நசுங்கியிருக்கக் கூடாது. மரக்கட்டையின் கீறல்கள் பொருட்டல்ல. புதிதாக மெருகேற்றிய உலோகமோ சேகரிப்பாளரிடம் மதிப்பை இழக்கும்.