எஸ்டேட் பிள்ளைகளுக்குப் போனில் டியூஷன்: எது நேரலை, எது பதிவு?

கம்பத்திலோ குமுளியிலோ இருந்துகொண்டு கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டுகளில் இருக்கும் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குப் போனில் டியூஷன் எடுக்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "ஜூமா, கூகுள் மீட்டா?" என்றுதான். அது கடைசியில் முடிவு செய்ய வேண்டியது. வழி இரண்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் கூடுவது நேரலை. நீங்கள் அனுப்பியதை அவரவர் நேரத்தில் பார்த்துப் பதில் அனுப்புவது பதிவு. இதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விடத் தேவையில்லை. பாடத்தின் எந்தத் துண்டு எதில் போக வேண்டும் என்று பிரிக்கத் தெரிந்தால் போதும்.

படி 1: போன் யார் கையில், எப்போது?

ஒரு நோட்டில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேராகவும் மூன்று விஷயம் எழுதுங்கள்: போன் வீட்டில் இருக்கும் நேரம், லயத்துக்குள் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குள்) டவர் கிடைக்கிறதா, டேட்டா எவ்வளவு மிஞ்சும். அம்மா காலையில் கொழுந்து பறிக்கக் கிளம்பினால் பல வீடுகளில் போனும் கூடவே போய்விடும். சாயங்காலம் வந்து அடுப்பு பற்றவைக்கும்போதுதான் அது பிள்ளை கைக்கு வரும். அண்ணனும் படிக்கிறான் என்றால் அதிலும் பாதிதான். பள்ளி திறக்கும் ஜூனிலேயே இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் பிடித்துக்கொள்ளும், கரண்ட் போகும். இதையெல்லாம் கேட்காமல் "காலை 10 மணிக்கு லிங்க் அனுப்புறேன்" என்று சொன்னால் லிங்க் போகும், பிள்ளைகள் வர மாட்டார்கள்.

எல்லாருக்கும் பொதுவாக வாரத்தில் ஒரு மணி நேரமாவது தேறுகிறதா பாருங்கள். தேறினால் அதை நேரலைக்கு ஒதுக்குங்கள். தேறாவிட்டால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள்.

படி 2: பாடத்தைப் பிரித்தல்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே கேள்விதான்: பிள்ளை திணறினால் அந்த நிமிஷமே நான் கூட இருக்க வேண்டுமா? ஆமாம் என்றால் நேரலை, இல்லையென்றால் பதிவு.

மைனஸ் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எண்கோடு வரைவது, வலது பக்கம் போனால் கூடும், இடது பக்கம் போனால் குறையும் என்பதெல்லாம் பதிவுக்கு. நிறுத்தி, திருப்பி, மூன்று தடவை பார்க்கட்டும். ஆனால் −3 − (−5) என்று ஒன்று கொடுங்கள். விடை 2. ஒரு பிள்ளை −8 என்று சொல்லும், இன்னொன்று 8 என்று சொல்லும். −8 சொன்ன பிள்ளை அடைப்புக்குள் இருக்கும் மைனஸைக் கண்டுகொள்ளவே இல்லை. 8 சொன்ன பிள்ளை, "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்ற பெருக்கல் விதியை இங்கே இழுத்துவந்து, இருக்கிற மைனஸையெல்லாம் பிளஸ் ஆக்கிவிட்டது. இரண்டுக்கும் மருந்து வேறு. "எப்படி வந்துச்சு, சொல்லு பாப்போம்" என்று சூட்டோடு சூடாகக் கேட்டால்தான் எங்கே இடறியது என்று தெரியும். இது நேரலைக்கு.

ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர் ஸ்டெஃபான் ஹ்ராஸ்டின்ஸ்கி 2008இல் எழுதியதும் ஏறக்குறைய இதேதான். பதிவு வழி, நிதானமாக யோசித்துப் பதில் சொல்ல இடம் கொடுக்கிறது. நேரலை, ஆட்களை ஒருவரோடொருவர் ஒட்டவைத்து ஆர்வத்தைக் கூட்டுகிறது.

படி 3: பதிவு செய்தல்

உயரமான டப்பாவின் மேல் போனைப் படுக்கவைத்து, கேமரா மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு கீழே பார்க்கும்படி தள்ளுங்கள். மேலே ஒரு கனமான புத்தகம். கீழே வெள்ளைத் தாள், தடித்த ஸ்கெட்ச் பேனா. பகல் வெளிச்சம் போதும், உங்கள் முகம் வேண்டாம்.

ஆறு நிமிஷத்துக்குள் முடியுங்கள். எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தில் மாணவர்கள் வீடியோ பார்த்த 69 லட்சம் அமர்வுகளை அலசி 2014இல் வந்த ஆய்வு, ஆறு நிமிஷத்துக்கு மேல் அவர்கள் பெரும்பாலும் தாக்குப்பிடிப்பதில்லை என்று காட்டியது. கையால் எழுதிக்கொண்டே பேசும் வீடியோவை, வெறும் ஸ்லைடு வீடியோவைவிட அதிகம் பார்த்தார்கள் என்பதும் அதில் உண்டு. நாற்பது நிமிஷ வகுப்பை அப்படியே பதிவு பண்ணி குரூப்பில் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

யூடியூபில் 'அன்லிஸ்டட்' (லிங்க் இருப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி) என்று ஏற்றி லிங்க் கொடுங்கள், குறைந்த தரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். டேட்டா இன்னும் தட்டுப்பாடு என்றால் தாளைப் படம் எடுத்து, கூடவே வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. பத்து நிமிஷப் பேச்சு சில எம்பிக்குள் அடங்கிவிடும். முடிவில் ஒரே ஒரு கேள்வி. பதிலை நோட்டைப் படம் எடுத்தோ பேசியோ அனுப்பலாம். எழுதத் தயங்குகிற பிள்ளைகள் பேசச் சொன்னால் பொரிந்து தள்ளிவிடும்.

படி 4: நேரலை

இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ கூடினால் மீட் 60 நிமிஷம் கொடுக்கும், ஜூம் 40. நமக்கு 35 போதும், அதனால் எது கைவந்ததோ அதுவே சரி. புதுப் பாடம் எடுக்காதீர்கள். வந்திருக்கும் பதில்களில் உள்ள தப்புகளைப் பெயர் சொல்லாமல் எழுதிக் காட்டி, "இது எங்க போச்சு?" என்று கேளுங்கள்.

கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். இதுதான் கஷ்டம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளில் கவனித்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடி காத்தபோது பதில் நீண்டது, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். நமக்கோ டவர் தாமதம் ஒரு பக்கம், மைக்கைத் தேடி அழுத்தும் நேரம் ஒரு பக்கம். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். கேமராவைப் போடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். லயத்து வீட்டில் பின்னால் யாராவது உடை மாற்றவோ சாப்பிடவோ வேண்டியிருக்கும்.

படி 5: பதில் நேரம்

பதிவின் பலவீனம், கேட்ட சந்தேகம் அந்தரத்தில் தொங்குவது. கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்த 2020 ஜூன் 1 அன்று கேரள அரசு தன் கல்வி டிவியான கைட் விக்டர்ஸ் சேனலில் 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற வகுப்புகளைத் தொடங்கியது. தமிழ் மீடியத்துக்கும் பாடங்கள் வந்தன. ஆனால் டிவியிடம் கேள்வி கேட்க முடியாது. அந்தக் குறையைத் தாங்கியது வாட்ஸ்அப்பில் பின்தொடர்ந்த வகுப்பாசிரியர்கள்தான். உங்களுக்கு அந்த இரண்டாவது ஆள் கிடையாது. அதனால் இரவு 7 முதல் 8 வரை பதில் சொல்வேன் என்று குரூப்பில் அறிவித்துவிடுங்கள். அந்த நேரத்தில் கட்டாயம் சொல்லுங்கள், பதினோரு மணிக்கு வருவதை மறுநாள் பாருங்கள்.

நேரலை நடுவே அறுந்தால் என்ன செய்வது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஐந்து நிமிஷம் லிங்க்கை முயலலாம். அதற்குமேல் வேண்டாம், பாதியில் நின்ற கணக்கை குரூப்பில் படமாகப் போட்டுவிடுவேன், குரலில் பதில் அனுப்புங்கள் என்று.