நன்கொடைக் கடிதத்துக்கு ஒரு குழந்தையின் கதையை எழுதும் முறை

குழந்தைகளுக்கான தொண்டு நிறுவனத்தில் மூத்த எழுத்தாளரின் வேலையில் பாதி, நீக்குவதுதான். களப்பணியாளர் கொண்டுவரும் குறிப்பில் குழந்தையின் பெயர், வகுப்பு, தெரு, அப்பா இறந்த விதம் எல்லாம் இருக்கும். படிக்கும்போது எல்லாமே மனதைத் தொடும். அச்சில் வந்தால் எல்லாமே அந்தக் குழந்தையைக் காட்டிக்கொடுக்கும்.

முதலில் குழந்தையின் கோப்பைப் பாருங்கள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைக் கவனிக்கும் குழந்தைகள் நலக் குழுவிலோ, குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்திலோ விசாரணைக்கு வந்த குழந்தையா? அப்படியானால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு பொருந்தும். பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் தெரியவைக்கும் வேறெந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அம்மா கையெழுத்துப் போட்டுத் தந்தாலும் தடை நீங்காது. போக்சோ வழக்கு, அதாவது குழந்தை மீதான பாலியல் குற்ற வழக்கு, என்றால் அந்தக் கதையை நன்கொடைக்காகத் தொடவே வேண்டாம். வேறு கதை தேடுங்கள்.

அடுத்தது ஒப்புதல். பெற்றோரிடம் ஒன்று, குழந்தையிடம் ஒன்று, இரண்டும் வேண்டும். போன வருடம் அச்சடித்த கடிதம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், "இதுமாதிரி வரும், இத்தனை பேர் படிப்பார்கள், இணையத்திலும் இருக்கும்" என்று காட்டிச் சொல்லுங்கள். படிவத்தில் கதை, படம், இணையம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டம் இருக்கட்டும். ஒப்புதல் எந்தத் தேதி வரை என்றும் எழுதுங்கள், இரண்டு வருடம் போதும். உதவித்தொகை கொண்டுவந்து தரும் பணியாளரே கையெழுத்து கேட்கக் கூடாது. அவரிடம் முடியாது என்று சொல்ல எந்தத் தாய்க்கும் நாக்கு எழாது.

குழந்தையிடம் பேச முக்கால் மணி நேரத்துக்கு மேல் எடுக்காதீர்கள். குழந்தைக்குப் பழகிய ஒருவர் கூடவே இருக்கட்டும். கோப்பில் ஏற்கெனவே உள்ள துயரத்தை மறுபடி சொல்லவைக்க வேண்டாம். "அப்பா போனப்ப எப்படி இருந்துச்சு?" என்ற கேள்வியால் குழந்தைக்கு வலியும் உங்களுக்கு நான்கு தேய்ந்த சொற்களும்தான் மிஞ்சும். "காலையில எந்திரிச்சதும் முதல்ல என்ன செய்வே?" என்று கேளுங்கள். கதை அங்கிருந்துதான் வரும்.

இனி எழுத்து. பயிற்சிக்காக அமைத்த ஒரு முதல் வரைவு இது:

"குடியால் தந்தையை இழந்த ஏழைச் சிறுமி செல்வி (11), தன் ஊர் நடுநிலைப் பள்ளியில் 6ஆம் வகுப்பு படிப்பை நிறுத்திவிட்டுத் தீப்பெட்டி ஒட்டப் போனாள். நம் நிறுவனம் அவளை மீட்டது."

பெயரை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. இருநூறு வீடுள்ள ஊரில் வயது, வகுப்பு, அப்பாவின் சாவு மூன்றையும் சேர்த்தால் ஒரே ஒரு பெண்தான் மிஞ்சுவாள். நாளைக்குப் பள்ளியில் அவளைக் "குடிகாரன் மகள்" என்பார்கள். மூன்றில் இரண்டையாவது எடுத்தாக வேண்டும். திருத்திய வடிவம்:

"மலர் விடியுமுன் எழுந்து இரண்டு குடம் தண்ணீர் பிடித்து, தம்பிக்குத் தலை சீவிவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புகிறாள். நடுவில் சில மாதங்கள் அவள் பள்ளிக்கு வரவில்லை, தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். மாலை வகுப்பு ஆசிரியை வீடு தேடிப் போய் அம்மாவிடம் பேசினார். விட்டுப்போன கணக்குப் பாடங்களை மலர் இப்போது ஒவ்வொன்றாக முடித்துவருகிறாள்."

கீழே "பெயர் மாற்றப்பட்டுள்ளது" என்று போடுங்கள். பெயரையும் ஊரையும் மாற்றலாம். நடந்ததையும் நாம் செய்ததையும் மாற்றக் கூடாது. இரண்டு குழந்தைகளின் கதையை ஒட்டி ஒரே குழந்தையாகக் காட்டுவது பொய். இளைய எழுத்தாளர்கள் தரும் வரைவில் "அநாதை", "குற்றவாளிச் சிறுவன்" போன்ற சொற்கள் வந்தால் வெட்டுங்கள். பெற்றோரை இழந்த குழந்தை, சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தை என்று எழுதச் சொல்லுங்கள்.

பணம் கேட்கும் வரிதான் அதிகம் சறுக்கும் இடம். "உங்கள் 1,500 ரூபாய் மலருக்கு நோட்டு வாங்கித் தரும்" என்று எழுதினால், அந்தப் பணம் மலருக்கு நோட்டு வாங்கத்தான் செலவாக வேண்டும். "மலரைப் போன்ற ஒரு குழந்தையின் படிப்புக்கு உதவும்" என்று எழுதுங்கள். தொகையைக் கணக்காளரின் செலவுத்தாளிலிருந்து எடுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் வரிவிலக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுக் குடிமக்களுக்குப் போகும் கடிதத்தில் உள்ளூர் வங்கிக் கணக்கு எண்ணைப் போடவே கூடாது. அந்தப் பணம் வெளிநாட்டு நன்கொடை வாங்க அரசிடம் பதிவு பெற்ற நிறுவனத்துக்கு, டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் உள்ள அதற்கான கணக்கில்தான் வர வேண்டும்.

படத்தில் சீருடை முத்திரை, கழுத்து அடையாள அட்டை, பின்னால் தெரியும் பள்ளிப் பலகை மூன்றையும் தேடுங்கள். கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போடுவது மோசமான வழி. சட்டையை வைத்தே ஊரார் கண்டுகொள்வார்கள், குழந்தையோ குற்றவாளி போலத் தெரியும். நோட்டில் எழுதும் கையை மட்டும் எடுக்கலாம். இணையத்தில் ஏற்றுமுன் படத்தில் பதிவாகியிருக்கும் இடக்குறிப்பை அழியுங்கள். படக்கோப்பின் பெயரையும் பாருங்கள். உள்ளே முகத்தை மறைத்துவிட்டு, வெளியே குழந்தையின் உண்மைப் பெயரில் கோப்பை ஏற்றிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

அச்சுக்குப் போகுமுன் குழந்தைக்கு வாசித்துக் காட்டுங்கள். "இது வேண்டாம்" என்று சொன்ன வரியைக் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். உண்மைப் பெயரும் மாற்றுப்பெயரும் உள்ள பதிவேடு பூட்டில் இருக்கட்டும். ஒப்புதல் முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து, அன்று இணையப் பக்கத்தை நீக்குங்கள். வாட்ஸ்அப்பில் போனதை யாராலும் திரும்பப் பெற முடியாது. அதனால் குழந்தையின் முகம் தெரியும் படம் எதையும் அதில் அனுப்பாதீர்கள், அலுவலகக் குழுவாக இருந்தாலும்.