தொட்டி ஓரத்து முட்டைகள் யாருடையவை?

மழை விட்ட மறுநாள் அல்லித் தொட்டியிலோ கொல்லைக் குட்டையிலோ வழவழவென்று ஏதோ ஒட்டியிருக்கிறதா? நிறத்தை வைத்து முடிவுகட்டாதீர்கள். நீருக்கு மேலேயா, பரப்பிலா, உள்ளேயா என்று முதலில் பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

நீர்மட்டத்துக்கு மேலே, சுவரிலோ தொங்கும் இலையிலோ சோப்பு நுரை மாதிரி வெள்ளை உருண்டை இருந்தால் அது மரத்தவளைக் கூடு. அநியாயமாக அழிவது பெரும்பாலும் இதுதான். யாரோ துணி துவைத்த நுரை என்று எண்ணிக் குழாயால் பீய்ச்சிவிடுவார்கள். மேல்புறம் காய்ந்து பழுப்பேறினாலும் உள்ளே ஈரமிருக்கும். சில நாளில் தலைப்பிரட்டைகள் நழுவி நேரே கீழே விழும். அங்கே தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும். பரப்பிலேயே மிதக்கும் குமிழிக் கூட்டம் வேறு: தொட்டியில் கௌராமி மீன் இருந்தால் அது ஆண்மீன் கட்டிய கூடு.

தண்டில் ரோஜா நிறக் கொத்து தெரிந்தால் அது தென்னமெரிக்க ஆப்பிள் நத்தை. செடியை மொட்டையடித்துவிடும். முட்டையில் நஞ்சு உண்டு. கையுறை போட்டுச் சுரண்டி, பையிலிட்டு நசுக்கிப் புதையுங்கள். தண்ணீருக்குள் தள்ளிவிட்டால் செத்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். நம்மூர் ஆப்பிள் நத்தையின் முட்டை வெள்ளை. கரையோர ஈரமண்ணில் கிடக்கும். அதை விட்டுவிடலாம்.

பரப்பில் சில மில்லிமீட்டர் நீளத்தில், கரிந்த அரிசி போன்ற கருப்புத் துணுக்கு மிதந்தால் க்யூலெக்ஸ் கொசு. ஒன்றில் நூறு முதல் முந்நூறு முட்டைகள். ஓரிரு நாளில் பொரிந்துவிடும். அன்றே டீ வடிகட்டியால் அள்ளி வெயிலில் உதறுங்கள். கருப்புப் புள்ளிகள் ஒரே அடுக்காகப் பரந்து, ஒவ்வொன்றையும் சுற்றித் தெளிந்த கூழ் இருந்தால் அது சிறு தவளையினுடையது. கொசு முட்டையில் கூழ் கிடையாது.

நீருக்குள் செடியைச் சுற்றிக் கருமணி கோத்த நீண்ட கூழ்ச்சரம் சொறித்தவளையுடையது. இலையடியில் கண்ணாடிபோல் ஒட்டிய கூழ்த்துண்டு நத்தையுடையது. வேர்களில் தனித்தனியாக ஒட்டிய, கடுகைவிடச் சிறிய மணிகள் தங்கமீனுடையவை. அவற்றில் வெள்ளையாகிப் பஞ்சு படர்ந்தவை செத்தவை.

இன்னும் சந்தேகமா? ஐந்தாறு முட்டைகளைக் கண்ணாடிப் புட்டியில், அதே குட்டைத் தண்ணீரில் நிழலில் வையுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஊற்றினால் கரு செத்துப்போகலாம். பிறகு எதைப் பார்ப்பது? தினமும் பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். புள்ளி நீண்டு காற்புள்ளி வடிவமானால் தவளை. இரு கருவிழி தெரிந்தால் மீன். மெல்லச் சுழலும் சுருள் தெரிந்தால் நத்தை.

கொத்து தானாகவே நகர்கிறதா? நீர்ப்பூச்சியில் ஒருவகை ஆண், முட்டைகளை முதுகில் சுமந்து திரியும். கையில் எடுக்காதீர்கள், சுருக்கென்று குத்தும்.