கொழும்பு மொட்டை மாடியிலிருந்து வானத்தைப் படம் எடுப்பது

கொழும்பில் இருந்துகொண்டு பால்வெளியைப் படம் எடுக்க ஆசைப்படாதீர்கள். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் உச்சியில் நின்று வடக்கே பார்த்தால் கோட்டைப் பக்கம் வானம் வெளுத்தே கிடக்கும். கிழக்கே காலி வீதியின் கடை விளக்குகள். 2022 மார்ச் கடைசியில், நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது இங்கும் வானம் சற்றுக் கறுத்தது. அந்த நாட்கள் திரும்ப வேண்டும் என்று நான்கூட வேண்டிக்கொள்ள மாட்டேன்.

ஆகவே நகர வெளிச்சத்தால் கெடுக்க முடியாதவற்றை எடுங்கள்: நிலவு, கோள்கள், பிரகாசமான விண்மீன்கள். இதில் நமக்கு வாய்ப்பு அதிகம். நாம் இருப்பது வட அகலாங்கு 7 பாகையில். கோள்கள் நமக்கு உயரத்தில் வரும். 2018இல் லண்டனில் சனி உச்சத்துக்கு வந்தபோதும் 16 பாகைதான் ஏறியது. அங்கிருக்கும் என் தம்பி அதைப் பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேல் தேடிக்கொண்டிருந்தான். நமக்கு அதே சனி 60 பாகை உயரத்தில் நின்றது. கோள் உயர உயர, ஒளி கடந்து வரும் காற்று மெலியும். படம் குறைவாகவே நடுங்கும்.

நிலவில் தொடங்குங்கள். ஆனால் முழுநிலவு நாளான போயா அன்று வேண்டாம். விடுமுறையாயிற்றே என்று எல்லோரும் அன்றுதான் கமராவுடன் மேலே வருகிறார்கள். முழுநிலவில் சூரிய ஒளி நேர் முன்னாலிருந்து விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே இராது. தட்டையான வெள்ளை வட்டம்தான் கிடைக்கும். வளர்பிறை அட்டமியை ஒட்டிய மாலைகளே சிறந்தவை. ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டின் ஓரத்தில் ஒவ்வொரு மேடும் நிழல் விரித்து நிற்கும். அட்டமி கழிந்து இரண்டாம் நாள் கோப்பர்னிக்கஸ் பள்ளத்தைப் பாருங்கள். 93 கிலோமீற்றர் அகலம், படிப்படியாக இறங்கும் சுவர்கள்.

முழுநிலவுக்கு எஃப் 11 (லென்ஸின் திறப்பளவு), ஐ.எஸ்.ஓ. 100 (உணரியின் ஒளியுணர்திறன்), நொடியில் நூறில் ஒரு பங்கு (திறந்திருக்கும் நேரம்) என்பது பழைய கணக்கு. அரைநிலவு அதைவிட மங்கல் என்பதால் எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 200 வைத்து அறுபதில் ஒரு பங்கிலிருந்து முயன்று பாருங்கள். கைத்தொலைபேசிதான் இருக்கிறது என்றால் தொலைநோக்கியின் கண்வில்லையோடு அதைப் பொருத்தி, திரையில் நிலவைத் தொட்டு, வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துவிடுங்கள். குறைக்காவிட்டால் வெள்ளைத் திட்டுத்தான் மிஞ்சும். 250 மில்லிமீற்றர் லென்ஸ் இருந்தால் வியாழனை நோக்கி ஐ.எஸ்.ஓ. 800இல் அரை நொடி திறந்து பாருங்கள். வியாழன் வெளுத்துப் போகும். ஆனால் பக்கத்தில் அதன் நான்கு பெரிய நிலவுகளும் புள்ளிகளாக விழும். சிலவேளை மூன்றுதான் தெரியும். மற்றது முன்னாலோ பின்னாலோ மறைந்திருக்கும்.

அடுத்தது ஓரியன் விண்மீன் கூட்டம். பெப்ரவரித் தொடக்கத்தில் இரவு ஒன்பது, ஒன்பதரைக்கு அது ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம். கொழும்பில் வானம் தெளிவதும் அப்போதுதான். மே வந்தால் தென்மேல் பருவக்காற்றின் மேகங்கள். செப்டெம்பர் வரை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

நகர வானத்தில் ஒரு நீண்ட படம் எடுத்தால் செம்மஞ்சள் மூடுபனிதான் கிடைக்கும். குறுகிய படங்கள் பலவற்றை எடுத்து அடுக்குவதே வழி. 50 மில்லிமீற்றர் லென்ஸ், எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 800, நான்கு நொடி. இன்னும் அதிக நேரம் திறந்தால் பூமி சுழல்வதால் விண்மீன்கள் கோடாகும். கோப்பு வகையை ரா (கமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) என்று வைத்து, கமராவின் தொடர்படக் கட்டளையில் அறுபது, எழுபது படங்கள் எடுங்கள். பிறகு லென்ஸ் மூடியைப் போட்டு அதே அளவுகளில் இருபது கறுப்புப் படங்கள். இதைத் தவிர்க்காதீர்கள்; நம் இரவுகளின் வெப்பத்தில் கமராவின் உணரி வெறுமனே புள்ளிகளை உண்டாக்கும், அவற்றைக் கழிக்கத்தான் இந்தக் கறுப்புப் படங்கள். சீக்குவேட்டர், சிரில் இரண்டும் இலவச மென்பொருட்கள். விண்மீன்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி அடுக்கித் தரும். 16 படங்களை அடுக்கினால் படத்தின் இரைச்சல், அதாவது மணல்போன்ற புள்ளிகள், நான்கில் ஒரு பங்காகும், 64 என்றால் எட்டில் ஒரு பங்கு. எஞ்சும் வானொளியைக் கழித்துவிட்டால் ஓரியனின் இரு பிரகாசமான விண்மீன்களான திருவாதிரையின் செம்மஞ்சளும் ரைகலின் நீலமும் வெளிப்படும். ஓரியனின் இடைப்பட்டியாக வரிசையில் நிற்கும் மூன்று விண்மீன்களின் கீழே இளஞ்சிவப்பாய் ஒரு திட்டு தெரிந்தால் அதுதான் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம்.

முக்காலியை நேர் மேலே திருப்புவது தொல்லை. நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், ஆடும். கடலோர ரயில் போகும்போது எங்கள் கட்டடம் இலேசாக அதிரும், அந்த நிமிடப் படங்களை நான் அடுக்குவதில்லை. தண்ணீர்த் தாங்கிக்கு மேலுள்ள விளக்கைக் காவலாளியிடம் சொல்லி அணைக்க வையுங்கள். முதல் நாள் விநோதமாகப் பார்ப்பார். நிலவைக் காட்டினால் மறுநாள் கேட்காமலே அணைப்பார்.

மேற்கே கடல் இருப்பது நமக்கு வாய்த்த சொத்து. அகலக்கோண லென்ஸைக் கடலை நோக்கி வைத்து, இருபது நொடிப் படங்களை ஒரு மணி நேரம் தொடர்ந்து எடுத்து ஸ்டார்ஸ்டாக்ஸ் மென்பொருளில் சேர்த்தால், விண்மீன் தடங்கள் ஏறக்குறைய நேர் செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கும். நிலநடுக்கோட்டின் அருகில் இருப்பவர்களுக்குத்தான் இப்படி. துருவ நட்சத்திரத்தைச் சுற்றிய வட்டங்களை இங்கே தேட வேண்டாம். அது வடக்கே 7 பாகை உயரத்தில் புழுதிக்குள் கிடக்கிறது. தெற்குச் சிலுவை என்ற விண்மீன் கூட்டம் வேண்டுமென்றால் மார்ச் நடுவில் பின்னிரவு மூன்று மணிக்கு எழுந்திருங்கள். தென்மேற்கே சாயத் தொடங்கியிருக்கும்.

தொலைநோக்கி வாங்குவதற்கு முன் 10×50 (பத்து மடங்கு, 50 மில்லிமீற்றர் வில்லை) பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். பெட்டியில் 675 மடங்கு என்று அச்சடித்த சிறிய தொலைநோக்கிகளைத் தொடவே வேண்டாம். வில்லையின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். உருப்படியாகத் தெரியும் எல்லை அவ்வளவுதான். 60 மில்லிமீற்றருக்கு 120 மடங்கு.

கொழும்பில் கமராவின் பெரிய எதிரி வெளிச்சமல்ல, ஈரம். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே மாடிக்குக் கொண்டுபோனால் லென்ஸ் உடனே வியர்க்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறவுங்கள். திரும்பி வந்ததும் உப்புக் காற்றுப் படிந்த வெளிப்புறத்தை மெல்லிய துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். பொட்டலங்களை அவ்வப்போது உலர்த்துங்கள், இல்லையேல் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். பழைய லென்ஸ் வாங்கும்போது இரு முனை மூடிகளையும் கழற்றி, பின்புறத்திலிருந்து டோர்ச்சைச் சாய்வாக அடித்து முன்னால் பாருங்கள். நூலிழைகள் படர்ந்திருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.