நேற்று 62, இன்று 71: தொலைதூர விமான டிக்கெட்டை எப்படிப் பார்த்து எடுப்பது

கோத்தகிரி ஜான்ஸ்டன் சதுக்கத்துப் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ், பாஸ்போர்ட் விண்ணப்பம், ரயில் டிக்கெட், விமான டிக்கெட். பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு காலையில், மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒருவர் உள்ளே வந்தார். இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர். மகள் லண்டனில் நர்ஸ், முதல் பிரசவம். அவரும் மனைவியும் மாமியாரும் போக வேண்டும்.

"நேத்து ராத்திரி போன்ல 62,000 காட்டுச்சு தம்பி. விடிஞ்சு பாத்தா 71,000. ஒரு ராத்திரியில பெட்ரோலா ஏறிடுச்சு?"

"நேத்து எத்தனை பேருக்குப் போட்டுப் பாத்தீங்கண்ணா?"

"சும்மா ஒருத்தருக்குத்தான்."

"இன்னைக்கு?"

"மூணு பேருக்கு."

மானிட்டரை அவர் பக்கம் திருப்பினேன். எங்கள் திரையில் விலை முதலில் வராது. விமானத்தின் பெயருக்குப் பக்கத்தில் எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை வரும்: ஒய் 9, எம் 9, கே 4, எல் 2, வி 0. இதெல்லாமே சாதாரண எகானமி இருக்கைதான். அதே சோறு, அதே முழங்கால் இடம். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் ஒரு விலைப்படி. ஒய் உச்சம், கீழே போகப் போக மலிவு. பக்கத்தில் இருக்கும் எண், அந்த விலையில் இன்னும் எத்தனை இருக்கை தருவார்கள் என்பது. 9 என்றால் ஒன்பதோ அதற்கு மேலோ. எந்த எழுத்து எந்தப் படி என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

வி தீர்ந்துவிட்டது. எல்லில் இரண்டே இருக்கை, 62,000. கே 71,000. மூன்று பேர் என்று போட்டால் கம்ப்யூட்டர் இரண்டு பேரை ஒரு விலையிலும் ஒருவரை வேறு விலையிலும் காட்டாது. மூன்று பேருக்கும் சேர்த்து இடம் இருக்கும் படிக்கு ஏறி, மூவருக்கும் 71,000 போட்டுவிடும். ராத்திரியில் எதுவும் ஏறவில்லை. இரண்டு டிக்கெட்டை எல்லிலும் ஒன்றைக் கேயிலும் தனித்தனியாக எடுத்தேன். 2,13,000 ஆக வேண்டியது 1,95,000-ல் முடிந்தது.

அதனால் முதல் வேலை இதுதான். குடும்பமாகப் போகிறீர்கள் என்றாலும் முதலில் ஒருவருக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். அப்புறம் இரண்டு, மூன்று என்று ஏற்றிப் பாருங்கள். எங்கே விலை குதிக்கிறதோ அங்கே பிரித்து எடுங்கள். பிரித்தால் ஒரு தொந்தரவு உண்டு. முன்பதிவு எண் (பிஎன்ஆர்) வேறு வேறு என்பதால் விமான நேரம் மாறினால் ஒரு டிக்கெட்டை மாற்றிவிட்டு இன்னொன்றை விட்டுவிடுவார்கள். கம்பெனிக்குப் போன் செய்து இரண்டும் ஒரே குடும்பம் என்று குறிப்புப் போடச் சொல்லுங்கள். குழந்தையை மட்டும் தனி டிக்கெட்டில் விடாதீர்கள், கூட ஒரு பெரியவர் இருக்கட்டும்.

சரி, உண்மையிலேயே ஏறுவது எப்படி? நம் ஊர்க்காரர்களுக்கு விலை ஏறி இறங்குவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் காலையில் ஒரு விலை, சாயந்திரம் ஒரு விலை. மூட்டை வாடிவிடும் என்பதால் பொழுது சாயச் சாய விலையை இறக்கியாவது தள்ளிவிடுவார்கள். விமான இருக்கையும் வாடுகிற சரக்குதான். கதவு மூடிவிட்டால் காலி இருக்கைக்குப் பத்துப் பைசா கிடையாது. அப்படியானால் கடைசி நாளில் விலை இறங்கத்தானே வேண்டும்? இறங்காது, ஏறும். கடைசியில் வருகிறவர் யார் என்று பாருங்கள். அப்பா ஆஸ்பத்திரியில் என்று போன் வந்தவர், நாளை மறுநாள் மீட்டிங் என்று கம்பெனி அனுப்புகிறவர். இவர்களால் பேரம் பேச முடியாது. அந்தச் சிலருக்காகவே சில இருக்கைகளைக் கடைசி வரை பூட்டி வைக்கிறார்கள்.

எத்தனையைப் பூட்டுவது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு முன்னோடியான பிஓஏசி நிறுவனத்தில் இருந்த கென் லிட்டில்வுட் 1972-ல் எழுதிவைத்தது. இன்றைய கம்ப்யூட்டர் கணக்குகள் எவ்வளவோ வளர்ந்துவிட்டாலும் வேர் அதுதான். ஒரு இருக்கையைக் கடைசி நேரத்தில் 1,15,000-க்கு விற்கலாம், அப்படி ஒருவர் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வையுங்கள். அந்த இருக்கையின் மதிப்பு 57,500. இப்போது ஒருவர் 62,000 தருகிறேன் என்றால் கொடுத்துவிடலாம், லாபம். அந்த வாரம் முன்பதிவு கொஞ்சம் வேகமாகப் போகிறது, வாய்ப்பு அறுபது சதவீதமாகிறது. மதிப்பு 69,000. உடனே 62,000 படியை மூடிவிடுவார்கள், 71,000 படி மட்டும் திறந்திருக்கும். இருக்கை தீராமலே மலிவு விலை காணாமல் போவது இப்படித்தான்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். முன்பதிவு மந்தமாக இருந்தால் மூடிய படியை மறுபடி திறப்பார்கள். டூர் கம்பெனிகள் மொத்தமாகப் பிடித்து வைத்த இருக்கைகள் விற்காமல் திரும்பி வரும். பணம் கட்டாத முன்பதிவுகள் கெடு முடிந்து கழன்றுகொள்ளும். அதனால் இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே பார்ப்பவருக்கு ஏற்றமும் இறக்கமும் மாறி மாறித் தெரியும். பிரவுசரின் ரகசிய ஜன்னலில் (இன்காக்னிடோ) தேடினால் விலை குறையும், செவ்வாய்க்கிழமை நடுராத்திரி எடுத்தால் குறையும் என்று தினமும் யாராவது என்னிடம் சொல்கிறார்கள். நான் இரண்டையும் செய்து பார்த்து விட்டுவிட்டேன். தேடும் தளம் பழைய விலையை ஞாபகத்தில் வைத்துக் காட்டும். பணம் கட்டப் போகும்போது உண்மை நிலவரம் வரும். அதைத்தான் "நான் பார்த்ததைக் கண்டுபிடித்து ஏற்றிவிட்டான்" என்று சொல்கிறார்கள். நீங்கள் *வாங்கும்* கிழமையில் பெரிதாக ஒன்றும் இல்லை. *பறக்கும்* கிழமையில் இருக்கிறது. வெள்ளி, ஞாயிறைவிடச் செவ்வாய், புதனில் கூட்டம் குறைவு, மலிவுப் படி திறந்திருக்க வாய்ப்பு அதிகம்.

எப்போது எடுப்பது? பெரும்பாலான கம்பெனிகள் ஏறக்குறைய பதினோரு மாதம் முன்பே விற்பனையைத் திறக்கும். அன்றைக்கே ஓடிப்போய் எடுப்பது மலிவு என்று நினைக்க வேண்டாம், அப்போது யாரும் தள்ளுபடி தரும் அவசரத்தில் இல்லை. சாதாரண மாதங்களுக்கு இரண்டிலிருந்து நான்கு மாதம் முன்பு என்று என் அனுபவத்தில் சொல்வேன். கிறிஸ்மஸ், ஜூலை, ஆகஸ்டு என்றால் ஆறு மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.

இந்த டிசம்பர்தான் எங்கள் மலையில் பெரிய தலைவலி. படுகர் வீட்டுப் பிள்ளைகள் மெல்போர்னிலும் டொரன்டோவிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய ஹெத்தை அம்மன் பண்டிகை டிசம்பர், ஜனவரியில் வரும், பௌர்ணமியைப் பார்த்துத் தேதி வைப்பார்கள். விமானக் கம்பெனி பௌர்ணமியைப் பார்ப்பதில்லை, கிறிஸ்மஸையும் ஆஸ்திரேலியப் பள்ளிக்கூட லீவையும் பார்க்கும். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கோயிலில் நிற்க ஆசைப்படும் பிள்ளை, வருஷத்தின் மிக விலை உயர்ந்த வாரத்தில் வர வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு நான் சொல்வது இது: வரும் நாளையும் போகும் நாளையும் சேர்த்து யோசியுங்கள். மெல்போர்னிலிருந்து இந்தியா வரும் கூட்டம் டிசம்பர் நடுவில், திரும்பும் கூட்டம் பள்ளி திறக்கும் ஜனவரி கடைசியில். ஒரு பக்கத்தையாவது அந்த நெரிசலிலிருந்து நகர்த்தினால் பாதிக் கஷ்டம் குறையும். இங்கிருந்து தாய் தகப்பன் போவதாக இருந்தால் எதிர்த்திசை, அதே வாரத்திலும் விலை வேறாக இருக்கும். ஊட்டி மலர்க் கண்காட்சி நேரத்தில் மேலே வரும் பஸ்ஸில் நிற்க இடமில்லாமல் கீழே போகும் பஸ்ஸில் படுத்துக்கொண்டு போகலாமே, அது மாதிரி.

போய்வரும் டிக்கெட்டாக எடுப்பதா, ஒரு வழியா என்றும் கேட்பார்கள். தொலைதூரத்தில் ஒரு வழி என்றால் பாதி விலை என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய கம்பெனிகளில் போய்வரும் டிக்கெட்டைவிட ஒரு வழி டிக்கெட் விலை கூடுதலாக இருந்ததையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஆனால் முதல் பயணத்தில் ஏறாமல் விட்டால் திரும்பும் டிக்கெட்டும் ரத்தாகிவிடும், அதை மறக்க வேண்டாம்.

தூரத்துக்கும் விலைக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை என்பதை நம்ப வைப்பதுதான் கஷ்டம். சென்னையிலிருந்து லண்டனுக்கு நேராகப் போவதைவிடத் துபாயிலோ தோஹாவிலோ இறங்கி மாறிப் போவது பெரும்பாலும் மலிவு. சுற்றுவழி, இரண்டு முறை ஏறி இறங்க வேண்டும், எண்ணெயும் கூட. அப்படியிருந்தும் மலிவு. நேர் விமானத்துக்கு நேரம் முக்கியமானவர்கள் கூடக் கொடுப்பார்கள். வளைகுடாக் கம்பெனிக்கோ அந்த இருக்கையை நிரப்ப வேறு ஊர்க்காரர்களோடு போட்டி போட வேண்டும். ஒரு மூட்டு வலிக்கார அம்மாவை மூன்றாயிரம் மிச்சத்துக்காக ராத்திரி இரண்டு மணிக்கு முனையம் மாற வைக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

எண்ணெய் விலையும் சேரும்தான். இந்தியாவில் விமான எரிபொருள் விலை மாதம் முதல் தேதி மாறும். தொலைதூரத்தில் எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகும் என்பதால் அடி பலமாக விழும். வழி மாறினாலும் அப்படித்தான். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் போகும் இந்திய விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் டொரன்டோ டிக்கெட் பார்க்கும்போது விலையோடு பயண நேரத்தையும் ஒருமுறை பாருங்கள்.

எந்த விமான நிலையம் என்பதில்தான் மலைக்காரர்கள் கோட்டை விடுகிறோம். கோயம்புத்தூர் ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். கொச்சி, சென்னை, பெங்களூரு, கூடலூர்க்காரர்கள் என்றால் கோழிக்கோடு, எல்லாம் போட்டுப் பாருங்கள். பெங்களூரு மலிவாக வந்தால் உடனே குதிக்காதீர்கள். பந்திப்பூர்க் காட்டுச் சாலை ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும். விடிகாலை விமானம் என்றால் முந்தைய நாளே இறங்கி லாட்ஜ் எடுக்க வேண்டும். டாக்சி, லாட்ஜ், சாப்பாடு எல்லாம் கூட்டினால் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். சென்னை என்றால் மேட்டுப்பாளையத்தில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது சென்ட்ரல்.

இங்கே நான் செய்த தப்பு ஒன்றையும் சொல்கிறேன். ஒரு நவம்பரில், குன்னூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்குச் சென்னையிலிருந்து தொலைதூர டிக்கெட் மலிவாகக் கிடைத்தது. கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்குத் தனி டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். ஒன்பதாயிரம் மிச்சம் என்று எனக்கே பெருமை. கிளம்பும் நாள் காலையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து ரோடு மூடிவிட்டது. கோத்தகிரி வழியாகச் சுற்றி இறங்கினார்கள், அங்கேயும் ஊர்ந்துதான் போனது. கோவை விமானம் போய்விட்டது. ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் முழுப் பயணத்தையும் கட்டணம் கட்டி மாற்றித் தரச் சொல்லி ஒரு கவுன்டரில் பேசியிருக்கலாம். இரண்டு தனி டிக்கெட் என்பதால் சென்னையில் காத்திருந்த விமானத்துக்கு இவர்கள் வெறுமனே வராத பயணிகள். இரண்டு டிக்கெட் பணமும் போயிற்று. என் கமிஷனைத் திருப்பிக் கொடுத்தேன், அதனால் அவர்களுக்கு என்ன ஆகிவிடப் போகிறது.

அன்றிலிருந்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை பறக்கிறவர்களுக்கு உள்ளூரிலிருந்து கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட்டாகத்தான் போடுகிறேன், நாலாயிரம் ஐயாயிரம் கூடினாலும். முந்தைய நாள் பகலிலேயே மேட்டுப்பாளையம் இறங்கிவிடச் சொல்கிறேன். லண்டன் போன அந்த அண்ணன் குடும்பமும் அப்படித்தான் இறங்கியது. மாமியார் மட்டும், எதற்கு வீணாக லாட்ஜுக்கு வாடகை என்று காரமடை வரைக்கும் கேட்டுக்கொண்டே போனாராம்.